வம்சத்தில் தோல் நோய் உள்ள நாயை இனப்பெருக்கத்துக்கு விடலாமா? படிப்படியாக முடிவெடுக்கும் முறை

நாய் பருவத்துக்கு வந்த பிறகுதான் பெரும்பாலோர் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். ஆண் நாய் பேசியாயிற்று, நாளும் பார்த்தாயிற்று, கடைசியில் தயங்கித் தயங்கி, "அவளுக்குக் கொஞ்சம் அரிப்பு உண்டு, பரவாயில்லையா?" என்று ஒரு வரி. அந்த நேரத்தில் எந்த மருத்துவராலும் நியாயமான பதில் சொல்ல முடியாது. பதிலுக்குத் தேவையான சோதனைகளில் ஒன்றுக்கு மட்டும் எட்டு வாரம் வேண்டும். பருவமோ ஏறக்குறைய மூன்று வாரத்தில் முடிந்துவிடும்.

எனவே இங்கே வரிசைதான் முக்கியம். நோய் என்ன, அது எப்படி அடுத்த தலைமுறைக்கு இறங்குகிறது, நாய் எவ்வளவு துன்பப்படுகிறது, குடும்பம் எப்படி, வயது போதுமா என்ற ஐந்துக்கும் பதில் கிடைத்த பிறகே ஜோடி பற்றிய பேச்சு.

என் முதல் லேப்ரடார் பெண் நாயை ஒன்றரை வயதில் சேர்க்கைக்கு விட்டேன். தோல் பளபளவென்று இருந்தது. இரண்டேகால் வயதில் முன்னங்கால் விரல்களை நக்கத் தொடங்கினாள். அதற்குள் ஏழு குட்டிகள் ஏழு வீடுகளுக்குப் போய்விட்டிருந்தன. மறு வருடம் அந்த வீடுகளில் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. குட்டி காதை உதறும் சத்தத்தில் இரவெல்லாம் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை என்றார்கள். கீழே உள்ள படிகள் அந்த அழைப்புக்குப் பிறகு கற்றுக்கொண்டவை. பின்னால் வந்த புதியவர்கள் எங்கெங்கே தடுக்கி விழுந்தார்கள் என்று பார்த்துத் திருத்தியவை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம். அரிப்போ முடி உதிர்வோ எந்த வயதில் முதலில் தெரிந்தது, உடலின் எந்த இடத்தில், எந்த மாதங்களில் கூடுகிறது, என்ன மருந்து கொடுத்தீர்கள், நிறுத்திய பிறகு என்ன ஆயிற்று என்று தேதியோடு எழுதுங்கள். நினைவிலிருந்து சொல்லும்போது எல்லோருமே நோயைக் குறைத்துத்தான் சொல்கிறோம். நம் நாய் என்ற பாசம் அப்படிச் செய்துவிடுகிறது.

அடுத்து படங்கள். அக்குள், தொடை இடுக்கு, விரலிடுக்கு, காதின் உட்புறம் ஆகிய நான்கையும் மாதம் ஒருமுறை பகல் வெளிச்சத்தில் எடுத்து வையுங்கள். வெளிர்நிற நாயாக இருந்தால் பாதத்து முடியின் நிறத்தைக் கவனியுங்கள். ஓயாமல் நக்கப்படும் முடி எச்சில் பட்டுத் துருநிறமாக மாறியிருக்கும். நாய் நக்குவதை நீங்கள் பார்க்காவிட்டாலும் முடி காட்டிக்கொடுத்துவிடும்.

வம்சாவளிச் சான்றிதழ் இருந்தால் அதன் நகல். அதைவிடப் பயனுள்ளவை தாய், தந்தை, உடன்பிறந்தவை வளரும் வீடுகளின் தொலைபேசி எண்கள். சான்றிதழில் பெயர்களும் பட்டங்களும் இருக்கும். எந்த நாய் ஆயுள் முழுக்கச் சொறிந்துகொண்டிருந்தது என்பது இருக்காது.

கடைசியாக, அவகாசம். பெண் நாய்கள் சராசரியாக ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வருகின்றன. ஒரு பருவத்தையாவது சும்மா கடந்துபோக விட மனம் ஒப்பவில்லை என்றால், மீதிப் படிகளால் உங்களுக்குப் பயனில்லை.

2. நோய்க்குப் பெயர் கண்டுபிடியுங்கள்

"அலர்ஜி", "தோல் பிரச்சினை", "சூடு" என்பவையெல்லாம் பெயர்கள் ஆகா. ஒரே மாதிரிச் சிவந்த தோலுக்குப் பின்னால் மரபோடு தொடர்பே இல்லாத காரணமும் இருக்கலாம், மூன்று தலைமுறையாக வருவதும் இருக்கலாம். பெயர் தெரியாமல் மரபைப் பற்றிப் பேச முடியாது. இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவாகும், செலவாகவும் வேண்டும்.

வம்சத்தில் வராதவற்றை முதலில் விலக்குங்கள். முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி. நெருக்கமான பல் கொண்ட சீப்பால் இடுப்பின் மேற்புறத்தையும் வாலடியையும் வாரி, விழும் கருந்துகளை ஈரமான வெள்ளைத் துணியில் வையுங்கள். துகளைச் சுற்றிச் செந்நிறம் பரவினால் அது மண் அல்ல. நாயின் இரத்தத்தைக் குடித்த பூச்சியின் எச்சம். எதுவும் கிடைக்காவிட்டாலும், முழுமையான பூச்சித் தடுப்பு மருந்தைச் சில மாதங்கள் விடாமல் கொடுத்த பிறகே அடுத்த காரணத்துக்குப் போங்கள். நன்றாக நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் நாயிடம் பூச்சி கண்ணில் படாது.

அடுத்து சொறிப் பூச்சி. காதின் ஓரமும் முழங்கையும் பாதிக்கப்பட்டு, வீட்டு மனிதர்களுக்கும் அரிப்பு இருந்தால் இதை நினைக்க வேண்டும். தோலைச் சுரண்டிப் பார்க்கும் சோதனையில் இது பல நேரம் தப்பிவிடும் என்பதால் மருத்துவர் சிகிச்சை கொடுத்தே சோதித்துப் பார்ப்பார். வட்டவட்டமாக முடி கொட்டினால் படர்தாமரைக்கான பூஞ்சை வளர்ப்புச் சோதனை தேவை.

பிறகு, ஏற்கெனவே ஏறியிருக்கும் பாக்டீரியா, ஈஸ்ட் தொற்றுகளை ஆற்றுங்கள். பழைய எண்ணெய் நெடி அடிக்கும் காது, பிசுபிசுக்கும் கழுத்து மடிப்பு எல்லாம் பெரும்பாலும் இரண்டாவதாக வந்து சேர்ந்தவை. இவை ஆறிய பிறகு மிச்சமிருக்கும் அரிப்பே மூல நோயின் அரிப்பு.

கடைசியாக உணவுச் சோதனை. நாய் இதுவரை தின்றிராத புரதம் கொண்ட உணவையோ, மருத்துவர் தரும், புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்த (நீராற்பகுப்பு செய்த) உணவையோ மட்டும் குறைந்தது 8 வாரம் கொடுக்க வேண்டும். அரிப்பு குறைந்தால் பழைய உணவைத் திரும்பக் கொடுத்து, அரிப்பு திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பழைய உணவால் அரிப்பு திரும்பாதவரை, குறைந்தது உணவால்தானா பருவம் மாறியதாலா என்று சொல்ல வழியில்லை. இடையில் யாரோ போட்ட ஒரு பிஸ்கட் எட்டு வார உழைப்பையும் கெடுத்துவிடும் என்பதால் வீட்டில் எல்லோரிடமும் முன்பே சொல்லிவையுங்கள்.

இத்தனையும் விலக்கிய பிறகும் அரிப்பு நிற்கவில்லை. அது மூன்று வயதுக்குள் தொடங்கியது. முன்பாதமும் காது மடலின் உட்புறமும் அக்குளும் வயிறும் சிவக்கின்றன. காதின் விளிம்பும் இடுப்பின் மேற்புறமும் தப்பியிருக்கின்றன. இந்தச் சித்திரம் பொருந்தினால் மருத்துவர் அதற்கு அடோபிக் டெர்மடைட்டிஸ், அதாவது பரம்பரை ஒவ்வாமைத் தோலழற்சி என்று பெயர் வைப்பார். இரத்தத்தில் செய்யும் ஒவ்வாமைச் சோதனை இந்த நோய் உண்டா இல்லையா என்று சொல்வதற்கானது அல்ல. நோய் உறுதியான பிறகு தடுப்பூசி முறைச் சிகிச்சையில் எவற்றைச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்கத்தான் அது உதவும். "சோதனையில் ஒன்றும் வரவில்லை, எனவே அவளுக்கு அலர்ஜி இல்லை" என்று சொல்லிச் சேர்க்கைக்கு விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அரிப்பே இல்லாமல் முடி மட்டும் கொட்டுகிறதா? அதற்குப் பாதை வேறு. தோலை ஆழமாகச் சுரண்டி டெமோடெக்ஸ் என்ற நுண்பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பது, தைராய்டு இரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி. குட்டி ஈன்ற சில வாரங்களில் பெண் நாய்க்கு முடி கொத்துக் கொத்தாக உதிர்வது இயல்பு என்பதால் அந்தக் காலத்தில் தெரியும் உதிர்வை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

3. அது எப்படி இறங்குகிறது என்று பாருங்கள்

பெயர் தெரிந்ததும் அடுத்த கேள்வி இது. பதிலைப் பொறுத்து பின்னால் வரும் முடிவு முற்றிலும் மாறும் என்பதால் இங்கே அவசரப்படக் கூடாது.

ஒரே மரபணுவால் ஒடுங்கு பண்பாக வருபவை. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதுப் பிரதிகள் சேர்ந்தால்தான் குட்டிக்கு நோய். ஒன்று மட்டும் இருந்தால் அது நோயின்றி மரபை மட்டும் சுமக்கும் நாய். கோல்டன் ரெட்ரீவரின் மீன்செதில் நோய் இப்படித்தான் வருகிறது. பிஎன்பிஎல்ஏ1 என்ற மரபணுவின் பழுது என்று 2012-ல் கண்டறிந்தார்கள். லேப்ரடாரின் மூக்குத்தோல் தடித்து வெடிக்கும் நோயும், ஐரிஷ் டெரியரின் பாதம் தடிக்கும் நோயும், புல் டெரியர் குட்டிகளைக் கொல்லும் அக்ரோடெர்மடைட்டிஸும் இதே வகை. இவற்றுக்கு டிஎன்ஏ பரிசோதனை இருக்கிறது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்த மாதிரியே போதும்.

கணக்கு எளியது. மரபைச் சுமக்கும் இரண்டு நாய்களைச் சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. ஒன்று சுமப்பது, மற்றது சுத்தமானது என்றால் எந்தக் குட்டிக்கும் நோய் வராது. ஒவ்வொன்றும் சுமக்கும் நாயாகப் பிறக்கப் பாதி வாய்ப்பு. நோயுள்ள நாயைச் சுத்தமான நாயோடு சேர்த்தால் எல்லாக் குட்டிகளும் சுமப்பவையாக இருக்கும், நோய் ஒன்றுக்கும் வராது. ஒரே ஈற்றில் ஒன்றுக்கு நோய் வந்து மற்றவை நன்றாக இருந்தால், நன்றாக இருக்கும் ஒவ்வொன்றும் மரபைச் சுமக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு உண்டு. "இவன் நன்றாகத்தானே இருக்கிறான்" என்று சொல்லி அவற்றைச் சோதிக்காமல் விடுவது பெருந்தவறு.

இன்னொரு தவறான நம்பிக்கை, ஒரு ஈற்றில் எல்லாக் குட்டிகளும் நன்றாக இருந்தால் பெற்றோர் சுத்தம் என்பது. இரண்டு சுமக்கும் நாய்களுக்குப் பிறக்கும் 8 குட்டிகளும் நோயில்லாமல் இருக்கப் பத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. நான்கு குட்டிகள்தான் என்றால் மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. நல்ல ஈற்று எதையும் நிரூபிப்பதில்லை.

பல மரபணுக்களும் சூழலும் சேர்ந்து வருபவை. அடோபிக் டெர்மடைட்டிஸ் இதில் அடங்கும். லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் நாய்களைக் கொண்டு 2004-ல் வெளியான ஓர் ஆய்வு, நோய் வருவதில் நாய்க்கு நாய் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ பாதி, 0.47 பங்கு, மரபால் என்று கணித்தது. மீதி, வளரும் சூழலால். "வீட்டுத் தூசிதான் காரணம், மரபு அல்ல" என்ற வாதம் இங்கே நிற்காது. அதே தூசியில் வளரும் இன்னொரு நாய்க்கு ஒன்றும் ஆவதில்லை. இந்த நோய்க்கு நம்பத்தக்க டிஎன்ஏ பரிசோதனை கிடையாது. குடும்பத்தையும் வயதையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கோலி, ஷெட்லண்ட் ஷீப்டாக் நாய்களில் தோலையும் தசையையும் தாக்கும் டெர்மடோமையோசைட்டிஸும் பல மரபணு நோயே. ஆனால் அதற்கு அபாயத்தின் அளவைச் சொல்லும் டிஎன்ஏ பரிசோதனை இருக்கிறது.

நாம் விரும்பித் தேர்ந்தெடுக்கும் தோற்றத்தோடு ஒட்டிக்கொண்டு வருபவை. இந்த வகையைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. காரணம், இங்கே நோயை நாமே கேட்டு வாங்குகிறோம். டாபர்மேன் போன்ற இனங்களில் நீலச் சாம்பல் நிறம் எம்எல்பிஎச் என்ற மரபணுவின் ஒடுங்கு வடிவத்தால் வருகிறது. நிறமி, முடித்தண்டுக்குள் கட்டிகட்டியாகத் திரள்கிறது. அந்த நிறத்து நாய்கள் பலவற்றுக்கு ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் முடி முறிந்து உதிரத் தொடங்குகிறது. மாற்றும் மருந்து கிடையாது. ரொடீஷியன் ரிட்ஜ்பேக்கின் முதுகில் எதிர்த்திசையில் வளரும் முடிக்கோட்டுக்குக் காரணமான மரபணுப் பெருக்கம் 2007-ல் தெரியவந்தது. அதே மாற்றத்தால், தோலிலிருந்து முதுகெலும்பை நோக்கி இறங்கும் டெர்மாய்டு சைனஸ் என்ற குழாய்ப் பிளவின் அபாயமும் கூடுகிறது. இரண்டு பிரதிகள் உள்ள நாய்க்கு அபாயம் அதிகம். ஷார் பேயின் தடித்த மடிப்புத் தோலுக்குக் காரணமான மரபணு மாற்றம் அவற்றின் விட்டுவிட்டு வரும் காய்ச்சலோடும் தொடர்புடையது என்று 2011-ல் காட்டப்பட்டது. இந்த இடங்களில் எந்த நாயைச் சேர்ப்பது என்பதற்கு முன்பே, அந்தத் தோற்றம் நமக்கு வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எதிர்ப்பாற்றல் குறையோடு வரும் டெமோடெக்ஸ். இந்த நுண்பூச்சி பிறந்த முதல் இரண்டு மூன்று நாட்களில் பால் குடிக்கும்போது தாயிடமிருந்து குட்டிக்கு வருகிறது. எல்லா நாயிடமும் கொஞ்சம் இருக்கும். ஆனால் சில வம்சங்களில் குட்டியின் உடல் அதைக் கட்டுப்படுத்தத் தவறி, உடல் முழுக்கப் பரவிவிடும். முகத்தில் ஓரிரு திட்டு வந்து தானாகவே மறைந்தால் அது பெரிய விஷயமில்லை. சிகிச்சை கொடுத்தே தீர வேண்டிய அளவுக்குப் பரவியிருந்தால், அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

எண்ணெய்ச் சுரப்பிகள் அழியும் செபேசியஸ் அடினைட்டிஸுக்கும் டிஎன்ஏ பரிசோதனை இல்லை. ஸ்டாண்டர்ட் பூடில், அகிட்டா, சமோயெட் வளர்ப்பவர்கள் தோல் பயாப்சியைத்தான் நம்ப வேண்டும். வெளியே முடி அடர்த்தியாக இருக்கும்போதே உள்ளே சுரப்பிகள் அழியத் தொடங்கியிருக்கலாம் என்பதால், ஒருமுறை பார்த்ததோடு நிறுத்தாமல் சேர்க்கைக்கு முன் மறுபடியும் பாருங்கள்.

4. நாய் படும் பாட்டை எடைபோடுங்கள்

மரபில் வருவது எல்லாமே ஒரே கனம் கொண்டதில்லை. கோல்டனின் மீன்செதில் நோயில் பெரும்பாலும் வெண்செதில் உதிர்வதோடு சரி. அரிப்பு இருக்காது, நாய் சுகமாக விளையாடித் தூங்கும். புல் டெரியரின் நோயிலோ குட்டி வளர்ச்சி குன்றி, பாதம் வெடித்து, பெரும்பாலும் இரண்டு வயதைத் தாண்டாமல் இறந்துபோகிறது. இரண்டும் ஒரே விதிப்படி இறங்குகின்றன. ஆனால் ஒன்றில் ஏற்படும் தவறைச் சீப்பும் குளியலும் சமாளிக்கும். மற்றதில் ஒரு குட்டியைப் புதைக்க வேண்டியிருக்கும்.

அரிப்பை அளக்க எளிய வழி, பூஜ்யத்திலிருந்து பத்துவரை மதிப்பெண். சாப்பிடும்போதும் விளையாடும்போதும் கூட நிறுத்திச் சொறிந்தால் எட்டுக்கு மேல். இரவில் எழுந்து நக்கினால் ஆறுக்குக் குறையாது. வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாக எழுதி ஒப்பிடுங்கள்.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். மாத்திரையில் இருக்கும் நாயின் இன்றைய தோலை வைத்து மதிப்பெண் போடாதீர்கள். இக்காலத்து மருந்துகள் அற்புதமாக வேலை செய்கின்றன. பூச்சிக்கான ஐசாக்சோலின் மாத்திரைகள் சில மாதங்களில் டெமோடெக்ஸைத் துடைத்துவிடுகின்றன. அரிப்புக்கான மாத்திரை ஒரே நாளில் நாயைத் தூங்கவைக்கிறது. நாய்க்கு இது வரம். ஆனால் மருந்து தோலை ஆற்றுகிறது, மரபணுவை மாற்றுவதில்லை. சிகிச்சைக்கு முந்தைய நாட்களின் குறிப்பையும் படத்தையும் எடுத்துப் பாருங்கள். அவற்றுக்காகத்தான் முதல் படியில் நோட்டுப் புத்தகம் கேட்டேன். உண்மை நிலையைப் பார்க்கிறேன் என்று மருந்தை நிறுத்தி நாயை வதைக்க வேண்டாம்.

5. குடும்பத்தை விசாரியுங்கள்

தாய், தந்தை, உடன்பிறந்தவை, தாயின் முந்தைய ஈற்றுக் குட்டிகள். முன்னோர்களின் நீண்ட பட்டியலைவிட இந்த நெருங்கிய வட்டம் அதிகம் சொல்லும். உங்கள் நாய் தன் மரபணுக்களில் ஏறத்தாழ பாதிவரை அவற்றோடு பகிர்ந்துகொண்டிருக்கிறது.

"தோல் நோய் உண்டா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். ஆகவே கேள்வியை மாற்றுங்கள். "காதுக்குச் சொட்டு மருந்து எத்தனை முறை விட்டீர்கள்? பாதத்தை நக்குமா? அரிப்புக்கு ஊசி போட்டதுண்டா? வருடத்தில் எந்த மாதம் அதிகம் சொறியும்? உணவை மாற்றிப் பார்த்தீர்களா?" இப்படிக் கேட்டால் அவர்களே யோசித்துச் சொல்வார்கள். என் லேப்ரடாரின் தாயை வைத்திருந்தவரிடம் நான் முதல் வகைக் கேள்வியைத்தான் கேட்டிருந்தேன். பின்னாளில் இரண்டாவது வகையில் கேட்டபோது, "காது மட்டும் அடிக்கடி சீழ் பிடிக்கும், வேறொன்றும் இல்லை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. காதும் தோல்தான் என்று அவருக்குத் தோன்றியதில்லை, அவ்வளவுதான்.

யாருமே பதில் சொல்லாத குடும்பத்தை "நோயில்லை" என்று குறிக்காதீர்கள். "தெரியவில்லை" என்று குறியுங்கள்.

6. வயது முதிரக் காத்திருங்கள்

அடோபிக் டெர்மடைட்டிஸ் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் முகம் காட்டும். ஒன்றரை வயதில் சுத்தமாக இருக்கும் நாய் உண்மையிலேயே சுத்தம் என்று சொல்ல முடியாது. நான் செய்த தவறு இதுதான்.

அரிப்பு ஓடும் வம்சமாக இருந்தால் பெண் நாயை இரண்டரை, மூன்று வயதுவரை நிறுத்திவையுங்கள். முதல் ஈற்றுக்கு அது தாமதமான வயதல்ல. ஆண் நாய்க்கு இன்னும் பொறுக்கலாம். ஓர் ஆண் நாய் ஒரே வருடத்தில் பல பெண் நாய்களோடு சேர முடியும் என்பதால், அவனிடம் தாமதமாகத் தெரியும் நோய் அதற்குள் நூறு குட்டிகளுக்குக்கூட இறங்கியிருக்கலாம். நான்கு வயதைக் கடந்தும் மருந்தில்லாமல் நல்ல தோலோடு இருக்கும் ஆண் நாய் கிடைத்தால், பட்டம் இல்லாவிட்டாலும் அவனைத் தேர்ந்தெடுப்பேன்.

டிஎன்ஏ பரிசோதனை உள்ள நோய்களுக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை. குட்டியிலேயே எடுத்தாலும் முடிவு மாறாது.

7. முடிவெடுங்கள்

என் தீர்ப்பு இது.

அடோபிக் டெர்மடைட்டிஸ் உறுதியான நாய், ஆணோ பெண்ணோ, லேசானதோ கடுமையானதோ: வேண்டாம். நோய் வருவதில் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ பாதி மரபால், தப்பிய குட்டியை முன்கூட்டிக் கண்டறியச் சோதனையும் இல்லை என்னும்போது தெரிந்தே அந்தக் குலுக்கலை நடத்தக் கூடாது.

சிகிச்சை தேவைப்பட்ட இளவயது டெமோடெக்ஸ்: குணமானாலும் வேண்டாம். இந்த நோயில் பருவச் சுழற்சியே சில பெண் நாய்களுக்கு நோயைத் திரும்பக் கிளப்பும் என்பதால், கருத்தடை அறுவை சிகிச்சை அவற்றுக்கே நன்மை.

செபேசியஸ் அடினைட்டிஸ், டெர்மடோமையோசைட்டிஸ், டெர்மாய்டு சைனஸ்: நோய் கண்ட நாய் வேண்டாம். டெர்மாய்டு சைனஸை அறுவை சிகிச்சையால் நீக்கியிருந்தாலும் அதேதான். கத்தி அந்த நாயைக் காப்பாற்றும், அதன் குட்டிகளைக் காப்பாற்றாது.

ஒடுங்கு பண்பு நோயின் மரபை மட்டும் சுமக்கும் ஆரோக்கியமான நாய்: விடலாம், சோதித்துச் சுத்தம் என்று தெரிந்த ஜோடியோடு மட்டும். இங்கே புதியவர்கள் எதிர்த்திசையில் தவறு செய்கிறார்கள். "சுமக்கிறது" என்ற சொல்லைக் கேட்டதும் பயந்து நல்ல நாயை ஒதுக்கிவிடுகிறார்கள். கோல்டன் ரெட்ரீவரில் மீன்செதில் மரபைச் சுமப்பவை ஏராளம். எல்லாவற்றையும் ஒதுக்கினால் மீதியுள்ள சில நாய்களுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்க்க நேரும், அப்போது இதுவரை மறைந்திருந்த வேறு நோய்கள் தலைதூக்கும். சுமக்கும் நாயைச் சுத்தமான நாயோடு சேர்த்து, பிறக்கும் சுத்தமான குட்டிகளில் நல்லதை அடுத்த தலைமுறைக்கு வையுங்கள். பரவலை இப்படிப் படிப்படியாகத்தான் குறைக்க முடியும்.

நாய்க்கு நோயில்லை, ஆனால் உடன்பிறந்த ஒன்றுக்கு அடோபிக் டெர்மடைட்டிஸ்: மூன்று வயதுவரை காத்திருந்து, ஜோடியின் குடும்பம் நிச்சயமாகச் சுத்தமாக இருந்தால் யோசிக்கலாம். உடன்பிறந்தவற்றில் இரண்டுக்கோ அதற்கு மேலோ நோய் என்றால், நான் விடமாட்டேன்.

பெயரே தெரியாத அரிப்பு: பதில் "இப்போது இல்லை". இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

8. ஜோடியைத் தேர்ந்தெடுங்கள்

அதே நோய்க்கான அதே பரிசோதனையை ஜோடிக்கும் செய்தார்களா என்று முடிவுத்தாளை வாங்கிப் பாருங்கள். "எல்லாச் சோதனையும் ஆயிற்று" என்ற வார்த்தையை ஏற்காதீர்கள். சோதனை அந்த இனத்தில் காணப்படும் மரபணு மாற்றத்துக்கானதா என்பதையும் பாருங்கள். மீன்செதில் நோயே கோல்டனில் ஒரு மரபணுவாலும் அமெரிக்கன் புல்டாக்கில் வேறொன்றாலும் வருகிறது.

உறவு நெருக்கத்தைக் கணக்கிடுங்கள். ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வரும் வாய்ப்பை உள்ளினக் கெழு என்பார்கள். அண்ணன் தங்கையைச் சேர்த்தால் பிறக்கும் குட்டிக்கு அது 25 சதவீதம். தந்தை மட்டும் பொதுவான இரண்டைச் சேர்த்தால் 12.5, ஒன்றுவிட்ட உறவில் 6.25. எண் கூடக்கூட ஒரே பழுதின் இரண்டு பிரதிகள் ஒரு குட்டியில் சேரும் வாய்ப்பும் கூடும்.

வேறு இனத்தோடு கலந்தால் தோல் சரியாகிவிடும் என்பது பாதி உண்மை. ஒடுங்கு பண்பு நோய் மற்ற இனத்தில் இல்லாவிட்டால் முதல் தலைமுறை தப்பிக்கும். ஒவ்வாமையோ பல இனங்களில் பரவிக் கிடக்கிறது. அரிப்புள்ள லேப்ரடாரையும் அரிப்புள்ள ஃபிரெஞ்சு புல்டாக்கையும் கலந்தால் பிறப்பது அரிப்புள்ள கலப்புக் குட்டியாகவே இருக்கக்கூடும்.

9. மருந்துகளைச் சேர்க்கைக்கு முன்பே பேசி முடியுங்கள்

சேர்க்கைக்கு விடும் நாய் தோல் மருந்தில் இருக்க நேர்ந்தால் அதுவே மறுபடி யோசிக்க வேண்டிய அறிகுறி. அப்படியும் பழைய மருந்துகளின் பட்டியலை மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டுகள் கருச்சிதைவையும் பிளவு அண்ணத்தையும் ஏற்படுத்தக்கூடும். படர்தாமரைக்கான கிரைசியோஃபல்வினும், செதில் நோய்களுக்கான ரெட்டினாய்டு மாத்திரைகளும் கருவை ஊனப்படுத்தும். ஒவ்வாமை அரிப்புக்குக் கொடுக்கும் ஆக்லாசிட்டினிப், சைக்ளோஸ்போரின் இரண்டும் இனப்பெருக்கத்தில் உள்ள நாய்களுக்கானவை அல்ல. சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். அதோடு பால் கொடுக்கும் வாரங்கள். அத்தனை காலம் மருந்தில்லாமல் அமைதியாக இருக்க முடியாத நாய்க்கான பதில் ஏழாம் படியில் ஏற்கெனவே இருக்கிறது.

10. குட்டிகள் பிறந்த பிறகு

ரிட்ஜ்பேக் என்றால் முதல் நாட்களிலேயே ஒவ்வொரு குட்டியின் கழுத்து, முதுகுத் தோலையும் இரண்டு விரலால் தூக்கி உருட்டிப் பாருங்கள். தோலுக்கு அடியில் நூல்போல ஒன்று இழுத்துப் பிடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மற்ற இனங்களில் கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் வரும் திட்டு, மூக்கின் மேல் பொருக்கு, அளவு கடந்த செதில் ஆகியவற்றைக் குட்டிவாரியாகக் குறித்துவையுங்கள். பின்னால் எந்தக் குட்டி எது என்று நினைவிருக்காது.

குட்டியைக் கொடுக்கும்போது பெற்றோரின் சோதனை முடிவுகளையும் குடும்பத்தில் இருந்த தோல் நோயையும் எழுத்தில் கொடுங்கள். சுமக்கும் குட்டி என்றால் என்ன பொருள், அதைச் சோதிக்காத நாயோடு ஏன் சேர்க்கக் கூடாது என்பதை நேரில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். சிலர் வாங்காமல் போய்விடுவார்கள். போகட்டும். தங்குபவர்கள்தான் மூன்று வருடம் கழித்தும் உங்கள் அழைப்பை எடுப்பார்கள்.

அந்த அழைப்பு இந்த வேலையின் ஒரு பகுதி. ஆறு மாதத்தில், ஒன்றரை வயதில், மூன்று வயதில் ஒவ்வொரு வீட்டுக்கும் பேசி, ஐந்தாம் படியில் உள்ள அதே கேள்விகளைக் கேளுங்கள். ஒரு குட்டிக்கு நோய் உறுதியானால், தந்தை நாயின் உரிமையாளரிடமும் மற்றக் குட்டிகளின் வீடுகளிலும் அந்த வாரமே சொல்லிவிடுங்கள். அதற்குள் யாராவது ஒருவர் அடுத்த சேர்க்கைக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கலாம். என் லேப்ரடாரின் ஏழு குட்டிகளின் வீடுகளுக்கும் நான் அப்படித்தான் ஒவ்வொன்றாகப் பேசினேன். ஒரு வீட்டில் பருவம் தொடங்கி நான்காம் நாள். அவர்கள் சேர்க்கையை நிறுத்தினார்கள்.